கரி படிந்த விளிம்பு

என் அலமாரியில் எந்தப் புத்தகம் எப்போது வந்தது என்று சொல்ல எனக்குக் குறிப்பேடு தேவையில்லை. தாள்களின் மேல் விளிம்பைப் பார்த்தாலே போதும். 2011-க்கு முன்னால் வந்தவற்றில் அந்த விளிம்பு கறுத்திருக்கும். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரி காற்றோடு ராயபுரத்து வீடுகளுக்குள் நுழைந்து படிந்த கரி. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையையும் அது விடாது, மூட மறந்த சோற்றுப் பானையையும் விடாது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த வருஷம் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றது. கரிக்கப்பல்கள் எண்ணூருக்குப் போயின. எங்களுக்கு மூச்சு வந்தது, ஏற்கெனவே சாம்பலில் வாழ்ந்த எண்ணூர் ஜனங்களுக்குப் பாரம் கூடியது. அதன் பிறகு நான் வாங்கிய புத்தகங்களின் விளிம்பில் வயசான தாளின் பழுப்பு மட்டும்தான்.

மொத்தம் 300 புத்தகங்களுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே வகை: பெண்கள் பள்ளிக் கதைகள். பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், இங்கிலாந்தில் சிறுமிகளுக்காகவே எழுதப்பட்டவை. விடுதிப் பள்ளிக்கு ஒரு புதுப்பெண் வந்து சேருவாள். சிநேகம், சண்டை, பொறாமை, விளையாட்டுப் போட்டி, நடுராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஒரு விருந்து, பரீட்சை, விடுமுறை. நாற்பது வருஷத்துக்கு மேலாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சேர்த்த கதையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட முடியவில்லை. இவற்றை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா கல்மண்டபம் பக்கத்தில் வீட்டு வாசலிலேயே இட்லி சுட்டு விற்றாள். இட்லி மடிக்கப் பழைய பேப்பர் வாங்கி வருவது என் வேலை. 1982-ஆம் வருஷம், நான் ஏழாவது படிக்கிறேன். ஒருநாள் எடைக்கு வாங்கி வந்த கட்டுக்குள் அட்டை போன ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அம்மா முன்னாலிருந்து கிழித்து இரண்டு மூன்று பொட்டலம் கட்டியும்விட்டாள். அப்போதுதான் உள்ளே இருந்த படம் என் கண்ணில் பட்டது. சீருடையில் என் வயசுப் பெண்கள்.

"அம்மா, இத்தக் கிழிக்காத."

"அதுல இன்னா கீது?"

"கதை."

"இங்கிலீசு கதை உனக்குப் புரியுமா?"

"புரியாது. படிக்கிறேன்."

அம்மா ஒரு நிமிஷம் அதைப் புரட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள். "சரி, எடுத்துக்கினு போ. நாளைக்கு ரெண்டு பேப்பர் சேத்து வாங்கியா" என்று என் மடியில் போட்டாள்.

கடைசி வெற்றுத்தாளில் நீல மையால் ஒரு பெண்ணின் பெயர், கீழே 'ராயபுரம், 1956'. ஆங்கிலோ இந்தியப் பெயர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த ரயிலையும் துறைமுகத்தையும் நம்பி நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். கப்பலேறும்போது பியானோவையும் புத்தகத்தையும் எவ்வளவுதான் எடுத்துப்போக முடியும்? எடைக்குப் போட்டார்கள். அதில் ஒன்று சுற்றிச் சுற்றி எங்கள் இட்லி அண்டா பக்கத்தில் வந்து விழுந்தது.

நான் தமிழ் வழியில் படித்தவள். ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். அகராதியை வைத்துக்கொண்டு ஐந்து மாதத்தில் முடித்தேன். கார்ன்வால் கடற்கரையில் ஒரு குன்றின் மேல் நான்கு கோபுரங்களோடு ஒரு பள்ளி. கீழே பாறைக்கு நடுவில் ஒரு நீச்சல் குளம், அலை வந்து தானாகவே நிரப்பிவிட்டுப் போகும். எனக்கும் ஐந்து நிமிஷ நடையில் கடல் இருந்தது. கருங்கல் போட்ட கரை, மீன்வாடை, பையன்கள் குதித்து நீந்துவார்கள். பெண்கள் நாங்கள் கரையில் நின்று பார்ப்போம். கடல் பெண்களுக்கும்தான் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அந்தப் புத்தகம்.

அதன் பெயரே எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனார். 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தைச் சுற்றிப் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே அட்டையோடு கிடந்த இன்னொரு பிரதியில்தான் பார்த்தேன்: ஈனிட் பிளைட்டன் எழுதிய 'ஃபர்ஸ்ட் டெர்ம் அட் மாலரி டவர்ஸ்', 1946. அந்த வரிசையில் 1951 வரை ஆறு புத்தகம் எழுதியிருக்கிறார். அப்போதிலிருந்து மாசம் ஒரு ஞாயிறு நைனாவும் நானும் போவோம். அவர் கடைக்காரரிடம் பேரம் பேசுவார், நான் தரையில் உட்கார்ந்து குவியலைக் கிளறுவேன். 1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அதற்கு முந்தின ஞாயிறு வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த இரண்டு புத்தகங்கள் இன்றைக்கும் என் நினைவில் இருக்கின்றன.

இந்த வகைப் புத்தகங்களைக் கொளுத்த வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ஏஞ்சலா பிரேசில் 1906-இல் பள்ளிக் கதைகள் எழுதத் தொடங்கியவர். அவர் புத்தகங்களை எல்லாம் திரட்டி எரிக்கப்போவதாக 1936-இல் லண்டனில் ஒரு பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை காலைப் பிரார்த்தனையிலேயே அறிவித்தார். இந்தக் கதைகளில் பெண்கள் அடக்கமாக இல்லை, கொச்சையாகப் பேசினார்கள், தங்களுக்குள் சட்டம் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்கு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

என்னைப் பிடித்து வைத்தது விருந்தோ கோபுரமோ இல்லை என்று இப்போது தெரிகிறது. எங்கள் அக்காவுக்குப் பதினேழு வயசில் கல்யாணம் ஆனது. தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். இந்தப் புத்தகங்களில் இருநூறு பக்கம் படித்தாலும் யாரும் எந்தப் பெண்ணையும் பார்த்து "இவளுக்கு எப்போ முடிக்கப்போறீங்க?" என்று கேட்கமாட்டார்கள். படிப்பார்கள், சண்டை போடுவார்கள், தோற்பார்கள், மறுபடி விளையாடுவார்கள். அது போதும் எனக்கு. தமிழில் இப்படி ஒரு வரிசை தேடினேன். சாகசம் உண்டு, மாயாஜாலம் உண்டு, பெண்கள் மட்டும் ஒரு கூரையின் கீழ் வளர்கிற பள்ளிக் கதை என் கண்ணில் படவில்லை. வாழ்க்கையில் மட்டும் அது இருந்தது. சகோதரி சுப்புலட்சுமி சிறுவயதில் விதவையானவர், 1911-இல் பி.ஏ. முடித்தவர். தன்னைப்போன்ற சிறுமிகளைத் திரட்டி மெரினாவில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்தினார். எதிரே கடல். மாலரி டவர்ஸ் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே நம் கடற்கரையில் கடலைப் பார்த்த ஒரு பெண்கள் விடுதி இருந்திருக்கிறது. அவரைப் பற்றி மோனிகா ஃபெல்டன் 1966-இல் எழுதிய 'எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி' கதைப் புத்தகம் இல்லை. என்றாலும் இந்த அலமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதைகளுக்கென்று ஒரு நெறி உண்டு. இரண்டே சட்டம். தப்பு செய்தால் நீயே போய் ஒப்புக்கொள். அடுத்தவளைக் காட்டிக்கொடுக்காதே. முதல் மாலரி டவர்ஸிலேயே டாரல் என்ற பெண் கோபத்தில் சாலி என்பவளைத் தள்ளிவிடுகிறாள். சாலிக்கு உடம்பு முடியாமல் போகிறது. தன்னால்தான் என்று டாரல் துடித்துப்போய் ஒப்புக்கொள்கிறாள். உண்மையில் அது குடல்வால் நோய். டாரலின் அப்பாவே அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றுகிறார். அந்த இடத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

1987-இல் நகரத்தின் தெற்கே ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க இடம் கிடைத்தது. முதல் நாள் ஒவ்வொருத்தியாக எழுந்து ஊரும் பள்ளியும் சொன்னோம். எனக்கு இரண்டு பேர் முன்னால் ஒருத்தி "வியாசர்பாடி" என்றாள். பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு, ஒருத்தி மூக்கைத் தொட்டுக்கொண்டாள். என் முறை வந்தது. "ஊட்டி. போர்டிங் ஸ்கூல்" என்றேன்.

தீர்மானித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் மறுநாள் திருத்தியிருக்கலாம். அடுத்த மூன்று வருஷத்தில் எந்த நாளும் திருத்தியிருக்கலாம். நான் அதற்கு மேல் கட்டடம் கட்டினேன். கீழ்ப்பாக்கத்தில் மாமா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னேன். அம்மா சுட்ட இட்லியை எடுத்துப்போவதை நிறுத்தினேன். மதியம் சாப்பிடும்போது என் விடுதிக் கதையைக் கேட்டார்கள். மாலரி டவர்ஸை நான் தொடவில்லை, அது பலரும் படித்தது. எலினோர் பிரெண்ட்-டையர் எழுதிய ஷாலே ஸ்கூல் வரிசையை அங்கே யாரும் படித்திருக்கவில்லை. 1925-இலிருந்து 1970 வரை 50-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்த வரிசை அது. ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், ஒரு ஏரிக்கரையில் நடக்கிற பள்ளி. முதல் புத்தகத்தில் கிரிசல் என்கிற பெண் யாருக்கும் சொல்லாமல் தனியாகச் சிகரம் ஏறிப் போவாள், ஜோ என்கிற பெண் அவளைத் தேடிப் பின்னாலேயே போவாள். அந்தச் சிகரத்தைத் தொட்டபெட்டா ஆக்கினேன், ஜோவை நான் ஆக்கினேன். கேட்டவர்கள் சாப்பாட்டை மறந்தார்கள்.

இரண்டாம் வருஷம் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு துறைப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். திருவொற்றியூர்க்காரி. முகம் மலர்ந்து கேட்டாள்: "நீ கல்மண்டபத்துல இட்லி விக்கிற அக்கா பொண்ணுதான? எங்க மாமா உங்க கடையிலதான் டெய்லி வாங்குவாரு."

என்னைச் சுற்றி ஐந்தாறு பேர். "நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசறீங்க" என்றேன். அவள் என்னை 'நீ' என்றாள், நான் அவளை 'நீங்க' என்றேன். மரியாதைச் சொல்லை அப்படியும் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "மன்னிச்சிக்கோங்க" என்று போய்விட்டாள். என் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'இட்லி' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் அம்மாவின் தொழில் அவளுக்குப் பட்டப்பெயரானது. அவள் படிப்பு முடியும்வரை அது போகவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும்.

அவள் நினைத்திருந்தால் என்னை ஒரே நாளில் காட்டிக்கொடுத்திருக்கலாம். கல்மண்டபத்துக்கு யாரையாவது அழைத்து வந்தாலே போதும். வரவில்லை. ஒருத்தியிடமும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் அவள்தான் விலகி நிற்பாள், எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று. அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. அவற்றின் சட்டப்படி நடந்தவள் அவள். எல்லாவற்றையும் படித்தவள் நான்.

பிறகு தபால் துறையில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். புத்தகம் சேர்ப்பது நிற்கவில்லை. மூர் மார்க்கெட் போன பிறகு பக்கத்து வளாகத்துக் கடைகள், பல்லவன் சாலை, பிற்பாடு இங்கிலாந்திலிருந்து தபாலில். ராமபாணப் பூச்சிக்கு வசம்பை இடித்து மல் துணியில் முடிந்து ஒவ்வொரு தட்டிலும் வைப்பேன். உப்புக்காற்றில் இரும்புப் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அதனால் பின் அடித்த புத்தகங்களைப் பிரித்து நூலால் தைத்துக்கொள்வேன். மழைக்காலத்தில் தலையணைக்குக் கீழே வைத்துக்கூடத் தூங்கியிருக்கிறேன். இவ்வளவு கவனமும் தாளுக்கு.

2013-இல் ஹெலன் மெக்லெலண்ட் எழுதிய பிரெண்ட்-டையரின் வாழ்க்கை வரலாறு எனக்குக் கிடைத்தது. டிரோல் மலையை அப்படி எழுதியவர் அங்கே பிறந்திருப்பார், அல்லது பெரிய இடத்துப் பெண்ணாக இருப்பார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவர் பிறந்தது 1894-இல், சவுத் ஷீல்ட்ஸில். டைன் நதி கடலில் சேரும் இடம். கப்பல் கட்டும் ஊர், நிலக்கரி ஊர். அவருக்கு மூன்று வயதாகும்போது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அக்கம்பக்கத்தில் அவர் அம்மா கணவரை 'இழந்துவிட்டதாக' சொல்லிச் சமாளித்தார்கள். 1912-இல் தம்பி ஹென்செல் காய்ச்சலில் இறந்தான். பிற்காலத்துத் தோழிகளுக்கு அப்படி ஒரு தம்பி இருந்ததே தெரியாது. கிளாடிஸ் எலினோர் மே டையர் என்ற பெயரையும் எலினோர் பிரெண்ட்-டையர் என்று மாற்றிக்கொண்டார். 1924-இல் ஒரு முறை டிரோலுக்குப் போய்வந்தார். அதை வைத்து ஆயுசுக்கும் எழுதினார்.

கரி ஊர்ப் பெண் ஒருத்தி வீட்டுச் சங்கதியை மறைத்துக்கொண்டு மலைக்கதை சொன்னாள். அந்த மலைக்கதையை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு கரி ஊர்ப் பெண் தன் வீட்டை மறைத்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவர் கதையைக் கதை என்று சொல்லி விற்றார். 1940-இலேயே நாஜிகள் ஒரு யூதக் கிழவரைத் துரத்தும்போது தன் பள்ளிப் பெண்களை நடுவில் நிற்க வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் மறைத்ததால் இன்னொருத்தி தலையில் பட்டப்பெயர் விழவில்லை.

அப்படியும் நான் உடனே கிளம்பிவிடவில்லை. அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஆனது. 2022-இல் அம்மா போய்விட்டாள். கல்லூரியில் நான் அவளை இல்லையென்று சொன்னது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அவளிடம் ஒப்புக்கொள்ள இனி வழியில்லை என்றான பிறகுதான் மற்றவளைத் தேடினேன். 2023-இல் பழைய மாணவி ஒருத்தி மூலம் தொலைபேசி எண் கிடைத்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி நடந்தேன். அவள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். வீட்டு வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீ சொன்னதுதான் நிஜம். எங்கம்மாதான்" என்றேன்.

காபி ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "தெரியும்டி. எனக்கென்ன கண்ணு தெரியாதா? நீ சொன்னதுகூடப் பரவால்ல, பயந்துட்டன்னு புரிஞ்சிது. இட்லின்னு கூப்ட்டாங்க பாரு, அதுதான் கஷ்டமா இருந்துச்சி. வீட்ல இட்லி சுட்டா சாப்புட மாட்டேன். ரெண்டு வருஷம்."

பரவாயில்லை, மறந்துவிடு என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அந்த தொட்டபெட்டா கதை. பக்கத்து டேபிள்ல ஒக்காந்து நானும் கேட்டேன். நடுவுல பெல் அடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு கெடச்சிதா இல்லியா? அது எந்தப் புக்கு?"

அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். 'த ஸ்கூல் அட் த ஷாலே', அர்மடா காகித அட்டைப் பதிப்பு, எரிவதற்கு முந்தின வருஷம் மூர் மார்க்கெட்டில் நைனா பேரம் பேசி வாங்கியது. மேல் விளிம்பைத் தடவிப் பார்த்து "கரி" என்றாள். அவள் விரலிலும் கொஞ்சம் ஒட்டியது.

அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு பிரதியும் வாங்கவில்லை. என் அலமாரியில் ஷாலே ஸ்கூல் வரிசை இப்போது 1926-இல் வந்த இரண்டாவது புத்தகத்திலிருந்து தொடங்குகிறது.